ஸ்பான்சரைக் கடைசியில் தேடுங்கள்: ஆபாசப் படப் பழக்கத்திலிருந்து மீளத் துணை தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆபாசப் படப் பழக்கத்தை விட வேண்டும் என்று, அதே பழக்கம் உள்ளவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழுக்களுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாளே கேட்பது, "எனக்கு ஒரு ஸ்பான்சர் வேணும், யாராவது இருக்கீங்களா?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் கூட்டத்தில் யார் நன்றாகப் பேசினாரோ அவரையே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம், அவர் அழைத்தால் போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. வேறு ஒருவரிடம் மனம் திறந்து பேசிப் பழகாதவன், எடுத்த எடுப்பில் மிகக் கஷ்டமான உறவுக்குள் போய் விழுந்தேன், அவ்வளவுதான்.

ஸ்பான்சர் என்றால் இதே பழக்கத்தில் கிடந்து, பன்னிரண்டு படிகளை (குடியை விடுவதற்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு வகுத்த மீட்பு வழிமுறை) தானே செய்து பார்த்து, அந்த வழியில் உங்களையும் கூட்டிப்போகிறவர். சம்பளம் வாங்குவதில்லை. மருத்துவரும் இல்லை. அவரைச் சென்று சேர ஒரு வரிசை இருக்கிறது: கூட்டம், போன் நம்பர்கள், அழைத்துப் பழகுவது, அப்புறம் ஸ்பான்சர். வரிசை மாறும்போதுதான் பலர் ஒரே மாதத்தில் காணாமல் போகிறார்கள்.

1. முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

போனில் வேண்டாம், தாளில். என்ன பார்க்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். "ராத்திரி 11.30க்கு மேல், கட்டிலில், மேனேஜரிடம் திட்டு வாங்கிய அன்று, 2 மணி நேரம்" என்கிற அளவு போதும். எத்தனை முறை நிறுத்தப் பார்த்தீர்கள், அதனால் எதை இழந்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் யாராவது "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும். எழுதி முடித்ததும் படம் எடுத்து கேலரியில் போடாதீர்கள்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கட்டாய பாலியல் நடத்தைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. உந்துதலைத் தொடர்ந்து அடக்க முடியாமை, அது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது, வேலையும் உறவும் உடம்பும் கெடுவது ஆகியவைதான் அதன் அளவுகோல். "இது பாவம்" என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அது அந்தக் கோளாறு ஆகாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் பார்த்துவிட்டுக் குற்ற உணர்வில் புழுங்குகிறவருக்கு வேண்டியது ஒரு நல்ல ஆலோசகராக இருக்கலாம், பன்னிரண்டு படிகள் அல்ல. எழுதிப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

2. மருத்துவரிடம் போக வேண்டியவர் முதலில் அங்கே போங்கள்

தற்கொலை எண்ணம், பல வாரமாகத் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு, கூடவே குடி. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், கணினிப் பழக்கத்துக்கென்றே ஷட் கிளினிக் என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

போகக்கூடாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தேதி போட்டு ஊர் ஊராக லாட்ஜில் ரூம் எடுத்து, "இளைஞர்களே, தவறான பழக்கத்தால் இழந்ததை மீட்கலாம்" என்று லேகியம் விற்பவர்கள். இவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, "உன் நரம்பெல்லாம் போச்சு" என்ற பயத்தை வாங்கிக்கொண்டு வந்த எத்தனையோ பேரை நான் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். படப் பழக்கத்தைவிட அந்தப் பயத்தை எடுப்பதற்கு அதிக நாள் ஆகிறது.

சட்டம் பற்றியும் கொஞ்சம். பார்த்தவற்றில் சிறார் சம்பந்தப்பட்டவை இருந்தால், பார்ப்பதும் வைத்திருப்பதும் இந்தியாவில் குற்றம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. கூட்டத்தில் சொல்வது வெளியே போகாது என்பது அங்கே இருப்பவர்களின் நாணயம் மட்டுமே, சட்டப் பாதுகாப்பு கிடையாது. இந்த நிலையில் இருப்பவர் உடனே நிறுத்திவிட்டு, வழக்கறிஞரையும் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பது ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. அது வெறும் பழக்கப் பிரச்சினை இல்லை.

3. எந்தக் குழு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாக் குழுவும் ஒன்றுதான் என்று நினைத்துப் போனால் இரண்டாவது வாரமே குழம்பிவிடுவீர்கள். "விலகியிருத்தல்" என்பதற்கு ஆளுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள்.

செக்ஸாஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக எஸ்.ஏ. 1979இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இங்கே வரையறை கறார்: திருமணத் துணையைத் தவிர வேறு யாரோடும் இல்லை, சுய இன்பமும் இல்லை. துணை என்று இவர்கள் சொல்வது ஆண் பெண் திருமணத்தைத்தான். கோடு எங்கே என்று யோசித்து யோசித்தே ஏமாந்தவர்களுக்கு இந்தக் கறார் நிம்மதி தரும். தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கு இந்த இடம் பொருந்தாமல் போகலாம்.

செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ், எஸ்.ஏ.ஏ. 1977இல் மினியாபொலிஸில் தொடங்கியது. இங்கே மூன்று வட்டம் வரையச் சொல்வார்கள். உள்வட்டத்தில் அறவே கூடாதவை, நடுவட்டத்தில் வழுக்கிவிடக் கூடியவை, வெளிவட்டத்தில் நம்மைத் தேற்றுபவை. ஆபாசப் படம் உள்வட்டம். போனோடு படுக்கப் போவதும், தடை செய்த தளங்களைத் திறக்க உதவும் விபிஎன் செயலியைச் "சும்மா" போட்டு வைப்பதும், முடிவில்லாமல் ரீல்ஸ் தள்ளுவதும் நடுவட்டம். மாலை நடை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், தங்கையோடு அரை மணி நேரம் வம்பு பேசுவது எல்லாம் வெளிவட்டம். கோட்டை நீங்களும் ஸ்பான்சருமாகச் சேர்ந்து போடுகிறீர்கள். படம் மட்டுமே பிரச்சினை என்கிறவர்களை நான் பெரும்பாலும் இங்கேதான் முதலில் போகச் சொல்வேன்.

செக்ஸ் அண்ட் லவ் அடிக்ட்ஸ் அனானிமஸ், செக்ஷுவல் கம்பல்சிவ்ஸ் அனானிமஸ் என்று வேறு குழுக்களும் உண்டு. முன்னதில் உறவுகளுக்காக ஏங்கித் தவிப்பதையும் சேர்த்துப் பேசுவார்கள்.

கடவுள் பேச்சே ஒத்துவராது என்றால் ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. அங்கே படிகளும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை, சிந்தனையை மாற்றும் பயிற்சிகள்தான். ஆனால் படிகளில் வரும் கடவுள், "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சொற்களோடுதான் வருகிறார். பிள்ளையாரை நம்பாத எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இது ஒன்றுக்காகவே முதல் நாள் எழுந்து போய்விடாதீர்கள்.

4. கூட்டத்துக்கு முன் உங்கள் போனைச் சரிசெய்யுங்கள்

ரொம்பப் பேர் தாண்டிப் போகும் படி இது. என் முதல் ஜூம் கூட்டத்துக்கு அலுவலக லேப்டாப்பில் நுழைந்தேன். திரையில் என் முழுப் பெயர், பக்கத்தில் நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர், அடையாள அட்டைப் புகைப்படம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெரியவர் மட்டும் "தம்பி, பேரை மாத்திக்கங்க" என்று சாட்டில் எழுதினார். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

சொந்த போனையோ லேப்டாப்பையோ மட்டும் பயன்படுத்துங்கள். ஜூமில் பெயரின் முதல் பகுதியோ ஒரு புனைபெயரோ போதும், நுழைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கணக்கோடு ஒட்டியிருக்கும் படத்தையும் பாருங்கள். வீட்டு டேப்லெட் என்றால் பிள்ளையின் பெயரில் நுழைந்துவிடுவீர்கள்.

வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். எண்ணை வைத்து ட்ரூகாலரில் முழுப் பெயரையும் எடுத்துவிடலாம். ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு இன்னொரு சிம் போட்டுக்கொள்வது நல்லது. டெலிகிராமில் எண்ணை மறைக்கவும் வசதி இருக்கிறது.

அடுத்தது இடம். கூட்டம் பெரும்பாலும் 60 நிமிடம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மணி நேரத் தனிமை எங்கே கிடைக்கும்? மொட்டை மாடி, நிறுத்திய கார், பூங்காப் பெஞ்சு, இயர்போன் போட்டபடி நீண்ட நடை. பேச முடியாவிட்டால் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குளியலறை மட்டும் வேண்டாம், பலருக்குப் பழக்கமே அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

5. கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது

குழுவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கூட்டப் பட்டியல் இருக்கும். யூடியூபின் கீழே யாரோ போட்ட இணைப்பு வழியாகப் போகாதீர்கள். பட்டியலில் இணையவழி, தொலைபேசி, நேரடி என்று பிரித்திருப்பார்கள். மொழி, ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், புதியவர்களுக்கு என்றும் தேர்வு செய்யலாம். பெண்கள் முதலில் பெண்கள் கூட்டத்துக்கே போவது நல்லது. கலப்புக் கூட்டத்தில் பத்து ஆண்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்துவிட்டு, "இது பொம்பளைங்களுக்கு வர்ற பிரச்சினையே இல்ல போல" என்று திரும்பிவிடுகிறார்கள்.

சில கூட்டங்களுக்கு இணைப்பு வெளிப்படையாக இருக்காது, மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும். பதில் வரச் சில நாள் ஆகலாம். ஒரே இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் வேகம் போய்விடும், மூன்று இடத்துக்கு எழுதுங்கள்.

இணையவழிக் கூட்டங்கள் பல வெளிநாட்டு நேரப்படி நடக்கும், அந்த நேரக் கணக்கில் தடுமாறாதவர்களே இல்லை. நியூயார்க்கில் இரவு 9 மணிக் கூட்டம், அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும்போது நமக்குக் காலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அதே கூட்டம் 7.30 ஆகிவிடும், மார்ச்சில் மறுபடி 6.30. லண்டனில் கோடையில் மாலை 7.30 என்பது நமக்கு நள்ளிரவு 12. "போன வாரம் வரைக்கும் நடந்துச்சு, இப்ப யாருமே இல்ல, மூடிட்டாங்க போல" என்று ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது ஒருவர் சொல்வார்.

ஆங்கிலம் தடையாக இருந்தாலோ, கூட்டம் என்றாலே பயமாக இருந்தாலோ, உங்கள் ஊரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தமிழில் நடத்தும் திறந்த கூட்டம் ஒன்றில் பார்வையாளராகப் போய் உட்காருங்கள். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். படிகளைத் தமிழில் கேட்பீர்கள், கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பீர்கள், பயம் விட்டுப்போகும். அங்கே உங்கள் பிரச்சினையைப் பகிர வேண்டாம், அது குடியைப் பற்றிப் பேசுவதற்கான இடம்.

6. முதல் ஆறு கூட்டங்கள்: கேட்பதே வேலை

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், குறைந்தது ஆறு. அதுவும் ஒரே கூட்டமாக வேண்டாம், இரண்டு மூன்று வேறு வேறு கூட்டங்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

நடப்பது இதுதான். படிகளை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் பகிர்வார்கள், ஒருவர் நேரம் பார்த்துச் சொல்வார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, பேசி முடித்தவருக்கு அறிவுரையும் சொல்லக்கூடாது. நமக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் ஊரில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் நாலு பேர் நாலு யோசனை சொல்வதுதானே மரியாதை! இங்கே "பகிர்ந்ததுக்கு நன்றி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைக் கண்டுகொள்ளாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசனை வராது என்று தெரிந்தால்தான் மனிதன் உண்மையைச் சொல்கிறான்.

பேசும்போது தளங்களின் பெயரோ காட்சி விவரமோ சொல்லக்கூடாது, கேட்கிறவருக்கு அதுவே தூண்டுதலாகிவிடும். உங்கள் முறை வந்தால், "என் பேர் இது, நான் புதுசு, இன்னைக்குக் கேட்க வந்திருக்கேன்" என்றாலே போதும். காணிக்கை பற்றி அறிவிப்பார்கள், புதியவர் கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு: இறுதிப் பிரார்த்தனை முடிந்த நொடியில் வெளியேறுவது. அதற்குப் பிறகு வரும் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் ஆட்கள் சாதாரணமாகப் பேசுகிறார்கள், நம்பர் கொடுக்கிறார்கள், "புதுசா வந்தவர் யாரு?" என்று கேட்கிறார்கள். நான் முதல் ஐந்து கூட்டத்தில் அதைத் தவறவிட்டேன். அங்கே யாரும் யாரோடும் பழகுவதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெயரையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுகிறவரை அல்ல, யார் பேச்சில் உங்கள் கதை தெரிந்ததோ அவரை.

7. நம்பர் வாங்கி, அழைத்துப் பழகுங்கள்

மூன்று நம்பர் போதும். வாரத்துக்கு மூன்று அழைப்பு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், பிரச்சினை எதுவும் இல்லாத நேரத்தில். சும்மா இருக்கும்போது அழைத்துப் பழகாதவர் நெருப்புப் பிடித்த நேரத்தில் அழைக்கவே மாட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்காக:

"அண்ணா வணக்கம், செவ்வாய்க்கிழமை கூட்டத்துல புதுசா வந்தேனே, நான்தான். பெரிய விஷயம் ஒண்ணும் இல்லண்ணா, போன் பண்ணிப் பழகணும்னு சொன்னாங்க, அதான். அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது. அவரும் ஒருநாள் இப்படித்தான் உளறியிருப்பார். எடுக்கவில்லை என்றால் அது உங்களைப் பிடிக்காததால் அல்ல, அடுத்த நம்பருக்குப் போங்கள்.

வெளிநாட்டு நம்பர் எதற்கு என்று கேட்பார்கள். நமக்கு ஆபத்தான நேரம் இரவு 11.30 முதல் 1 மணி. கோடையில் அப்போது நியூயார்க்கில் பிற்பகல் 2லிருந்து 3.30. ஊரே தூங்கும்போது விழித்திருக்கும் ஒருவர், அதிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கம் மாதிரி.

அழைக்க வேண்டியது எப்போது? பார்த்த பிறகு அல்ல, பார்க்கலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும்போதே. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கைச் சொல்வார்கள். இதில் இரண்டு சேர்ந்துவிட்டால் அழைத்துவிடுங்கள். பார்த்த பிறகு அழைப்பது வெறும் வாக்குமூலம். அதுவும் தேவைதான், ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால் தப்பு செய்து, சொல்லி, மனம் லேசாகி, மறுபடி செய்வது என்று ஒரு சக்கரம் உருவாகிவிடும். அதில் இரண்டு வருடம் சுற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன விஷயம்: நம்பரைச் சேமிக்கும்போது முதல் பெயரை மட்டும் போடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் "பிளம்பர்" என்று சேமித்து வைத்திருந்தார். ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. அவர் மனைவி அழைத்துவிட்டார்.

8. இப்போது ஸ்பான்சரைத் தேடுங்கள்

நாலைந்து வாரம் ஆகியிருக்கும். யாரிடம் பேசுவது எளிதாக இருக்கிறது, யார் சொன்ன நேரத்துக்குத் திரும்ப அழைக்கிறார் என்பதெல்லாம் இப்போது தெரியும். கவனிக்க வேண்டியவை:

அவருக்கே ஒரு ஸ்பான்சர் இருக்க வேண்டும். இதுதான் முதல் கேள்வி. தன்னைக் கேட்க யாரும் இல்லாதவர் கொஞ்ச நாளில் சாமியாராகிவிடுவார்.

படிகளைச் செய்திருக்க வேண்டும், படித்திருந்தால் மட்டும் போதாது. எத்தனை நாள் விலகியிருக்கிறார் என்பதும் முக்கியம், பல குழுக்களில் ஒரு வருடத்தை எதிர்பார்ப்பார்கள். ஆனால் பத்து வருடக்காரரையே தேடி அலையாதீர்கள், அவர்களிடம் ஏற்கனவே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒன்றரை வருடம் ஆகி, தினமும் போன் எடுக்கிறவர் மேல்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், ஈர்ப்பு குறுக்கே வராத ஒருவரைத் தேர்ந்துகொள்வார்கள். உறவினர், நெருங்கிய நண்பர், அதே அலுவலகத்துக்காரர் வேண்டாம். அவர்களிடம் இழக்க உங்களுக்கு ஏதோ இருக்கிறது, அதனால் பாதிதான் சொல்வீர்கள்.

மொழியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆங்கிலத்தில் "ஐ ஃபெல்ட் ஷேம்" என்று சொல்லிவிட்டு வலிக்காமல் நகர்ந்துவிடலாம். "அவமானமா இருந்துச்சுண்ணா" என்றால் தொண்டை அடைக்கும். தமிழில் கிடைக்காவிட்டால் உங்களோடு தமிழ் பேசும் இன்னொரு உறுப்பினரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. கேட்பது எப்படி

சாட்டில் பொதுவாகக் கேட்காதீர்கள். தனியாக, போனில். முதலிலேயே தற்காலிகம் என்று கேட்பது இரண்டு பேருக்கும் வசதி:

"அண்ணா, போன மாசம் நீங்க ராத்திரி போனை ஹால்லயே வெச்சுட்டுப் படுக்கறதப் பத்திச் சொன்னீங்க. நானும் அதைச் செஞ்சு பார்க்கறேன். எனக்கு ஒரு மாசத்துக்குத் தற்காலிகமா ஸ்பான்சரா இருக்க முடியுமா? முடியலைன்னாலும் பரவாயில்ல, வேற யாரையாவது சொல்லுங்க."

முடியாது என்ற பதில் அடிக்கடி வரும். எனக்கு இரண்டு பேர் மறுத்த பிறகுதான் மூன்றாமவர் கிடைத்தார். நேரமில்லை என்று நேராகச் சொல்கிறவர், ஒத்துக்கொண்டு போனை எடுக்காதவரைவிட எவ்வளவோ மேல்.

10. முதல் உரையாடலிலேயே பேசி முடிக்க வேண்டியவை

எத்தனை மணிக்கு அழைப்பது, தினமுமா வாரம் இருமுறையா, செய்தி அனுப்பலாமா, நள்ளிரவில் அழைக்கலாமா என்பதைப் பேசிவிடுங்கள். உள்வட்டத்தில் எது என்பதைச் சேர்ந்து எழுதுங்கள். சறுக்கினால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதும் அதில் வரட்டும், என்னிடம் வருகிறவர்களிடம் நான் 24 மணி நேரம் என்கிறேன். இவற்றைப் பேசாமல் விட்டால், ஒருவர் தினமும் காத்திருப்பார், மற்றவர் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கியிருப்பார். இரண்டு பேருமே மனம் கசந்து பிரிவார்கள்.

ஆபத்தான நாட்களை முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் முக்கியம். ஆடி மாதம் மனைவியை அழைத்துப்போகிறார்கள், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறார், நீங்கள் மட்டும் வீட்டில். அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் லாட்ஜ். இந்த மாதிரி நேரத்தில் உள்ளே நுழையும் முன் ஓர் அழைப்பு, முடிந்ததும் ஓர் அழைப்பு. "வீட்டுக்குள்ள போறேண்ணா, போனை வெளி ரூம்ல வெக்கப்போறேன், காலைல ஏழு மணிக்குக் கூப்பிடறேன்." காலை ஏழு மணிக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பதே இரவு ஒரு மணிக்குக் கையைப் பிடிக்கும்.

படி வேலையையும் முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். தினமும் "இன்னைக்கு ஓகேண்ணா" என்று செய்தி அனுப்புவது மட்டுமே ஸ்பான்சர் உறவு என்று பலர் ஓட்டுகிறார்கள். அது வருகைப் பதிவு. பழக்கத்தை என்னால் அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் முதல் படியை எழுதி அவருக்குப் படித்துக் காட்டும்போதுதான் வேலை தொடங்குகிறது. நான்காம் படியில் எழுதும் சுயகணக்கை ஐந்தாம் படியில் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அழைத்துப் பழகியதன் பலன் அன்றைக்குத் தெரியும்.

மனைவியிடமோ கணவரிடமோ எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்ற வேகம் முதல் வாரத்தில் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாரம் குறையும், அவர் மேல் ஏறும். ஸ்பான்சரோடும் முடிந்தால் ஓர் ஆலோசகரோடும் பேசி, எதை, எப்போது, எப்படி என்று திட்டமிட்டுச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு: வேறு ஆட்களுடனும் உடலுறவு இருந்திருந்தால், துணையின் உடல்நலம் காத்திருக்காது. துணையோடு உடலுறவை நிறுத்திவிட்டு உடனே பால்வினை நோய்ப் பரிசோதனைக்குப் போங்கள். துணைவர்களுக்கென்று எஸ்-அனான், கோசா என்ற குழுக்கள் தனியாக இருக்கின்றன.

11. விலக வேண்டிய அறிகுறிகள்

பணம் கேட்டால். புகைப்படமோ வீடியோவோ கேட்டால், "நிரூபிக்க" என்று சொன்னாலும். பார்த்த காட்சிகளை விவரிக்கச் சொன்னால். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால். வேலையை விடு, விவாகரத்து செய் என்று கட்டளையிட்டால். தன்னைத் தவிர வேறு யாரிடமும் பேசாதே என்றால். இதில் ஒன்று நடந்தாலே போதும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, கூட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள். உதவி செய்பவர் போல வந்து மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தால் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஒரு முறை அனுப்பினால் விடவே மாட்டார்கள்.

12. சறுக்கினால், பொருந்தாமல் போனால்

சறுக்கினால் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த இடத்தில் அழைத்திருக்கலாம் என்று மூன்று வரி. "நான் ஒரு கேவலம்" என்று இருபது நிமிடம் புலம்புவதில் தகவல் ஒன்றும் இல்லை. விலகியிருக்கும் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, அன்றைக்கே ஒரு கூட்டத்துக்குப் போங்கள். 90 நாளை எட்டியவர் சறுக்கிவிட்டு வெட்கத்தில் வராமல் போவதுதான் எங்களுக்குப் பெரிய இழப்பு. சறுக்கலைவிட அதற்குப் பின் வரும் அந்த இரண்டு மாத மௌனம் அதிகமாகக் கெடுக்கிறது.

ஸ்பான்சர் பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அது துரோகம் இல்லை. ஆனால் அவர் கஷ்டமான கேள்வி கேட்ட மறுநாளே மாற்றத் தோன்றினால் ஒரு வாரம் பொறுங்கள். பிறகும் அப்படியே தோன்றினால், மௌனமாகக் காணாமல் போகாமல், "இதுவரைக்கும் கூட இருந்ததுக்கு நன்றிண்ணா, இனிமே இன்னொருத்தரோட படிகளைத் தொடரப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன் என்றேனே, அவரை எட்டு மாதம் கழித்து அழைத்து இதைச் சொன்னேன். "நல்லதுப்பா, சாப்டியா?" என்று கேட்டார்.